காடேறிய மலையைப் பொறுப்பேற்பது பற்றி: மடுல்சீமைத் தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், மாதர் சங்கத்தினருக்கும், வெளியூரில் வேலை செய்தபடியே வீட்டின் முடிவுகளில் பங்குகொள்ளும் இளைஞர்களுக்கும்,



பல ஆண்டுகளாகக் கவ்வாத்து என்னும் கிளைவெட்டும் களையெடுப்பும் இல்லாமல் காடேறிப்போன தேயிலை மலைகளைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விடும் வழக்கம், கடந்த பத்தாண்டுக்கும் மேலாக இலங்கையின் பெருந்தோட்டப் பகுதிகளில் பரவிவந்திருக்கிறது. ஊவா மாகாணத் தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. அத்தகைய துண்டொன்று தன் முன் வைக்கப்படும்போது, அதை ஏற்பதா மறுப்பதா என்பதை ஒரு குடும்பம் எவ்வாறு தீர்மானிக்கவேண்டும் என்பதே இம்மடலின் பொருள். இம்மடல் வலியுறுத்தும் கருத்து ஒன்றுதான்: காடேறிய மலையைத் திருத்தும் உழைப்பின் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே செலவாகிவிடுகிறது, அதன் பலனோ இரண்டாம் ஆண்டிலிருந்துதான் வரத் தொடங்குகிறது, ஆகவே பலன் வரும் காலத்தில் அந்தத் துண்டு யார் கையில் இருக்கும் என்பதை எழுத்தில் உறுதிசெய்யாத எந்த ஏற்பாட்டையும் ஏற்கலாகாது, அது உறுதிசெய்யப்படுமானால் வாய்ப்பைத் தயங்கி இழக்கவும் கூடாது.

பேசப்படும் முறை என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தோட்டத்தில் வழக்கமான வேலை ‘பேர்’ அடிப்படையிலானது. நாளுக்குரிய வேலையை முடித்தவருக்கு ஒரு பேர் விழுகிறது, அந்தப் பேருக்கு நாட்சம்பளமும் சட்டம் விதித்த நிதிப் பங்களிப்புகளும் சேர்கின்றன. ‘கொந்தரப்பு’ என்பது குறிப்பிட்ட ஒரு வேலையை, எடுத்துக்காட்டாக ஒரு மலையின் புல்வெட்டையோ கானு எனப்படும் வடிகாலின் வெட்டையோ, மொத்தத் தொகைக்குப் பேசிச் செய்து முடிப்பது. இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது ‘வெளியார் பயிர்ச்செய்கை முறை’ அல்லது ‘வருமானப் பகிர்வு முறை’ என்று குறிப்பிடப்படும் ஏற்பாடு. இதில் குடும்பம் ஒரு துண்டின் செடிகளைப் பராமரித்து, கொழுந்தைப் பறித்து, தோட்டத்தின் தொழிற்சாலைக்கே கொடுக்கிறது. கொழுந்தின் விலையிலிருந்து உரத்துக்கும் மருந்துக்கும் பிற உள்ளீடுகளுக்கும் உரிய செலவு கழிக்கப்பட்டு, எஞ்சியது குடும்பத்துக்குக் கிடைக்கிறது. நாட்சம்பளத்தில் நிர்வாகம் சுமந்துவந்த நட்டமும் வரட்சியும் விலைவீழ்ச்சியும் இந்த முறையில் குடும்பத்தின் தோளுக்கு மாறுகின்றன என்பதை எவரும் மறைக்கத் தேவையில்லை. அந்த மாற்றத்துக்கு ஈடாகக் குடும்பம் எதைப் பெறுகிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

மலைகள் காடேறியது தொழிலாளரின் சோம்பலால் அன்று என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ ஆளில்லாமலோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம், மாறான சான்று காட்டப்படும்வரை முடிக்குரியதாகவே கருதப்படும் என்று விதித்து, மலைநாட்டு நிலத்தைக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்க வழிவகுத்தது. அவ்வாறு உருவான காப்பி மலைகளை அழித்த இலைத்துரு நோய், இலங்கையில் முதன்முதலாக 1869இல் மடுல்சீமைப் பகுதியிலேயே கவனிக்கப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் பூஞ்சணம், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் காப்பித் தொழிலையே வீழ்த்திவிட்டது. கைவிடப்பட்ட காப்பி மலைகள் அன்றும் காடேறின. அவற்றைத் திருத்திச் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாற்றிய உழைப்பு தமிழ்த் தொழிலாளருடையது, ஆனால் திருந்திய மலையில் அவர்களுக்கு ஓர் அடி நிலமும் எழுதப்படவில்லை. இன்றைய தீர்மானத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் வேறில்லை.

பின்வந்த நூற்றாண்டிலும் நிலத்தின் கைமாற்றங்கள் தொழிலாளரை விலக்கியே நடந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியதால், அரசு காணியற்ற விவசாயிகளுக்கு நிலம் பகிர்ந்த காலத்தில் அவர்கள் அப்பகிர்வுக்கு வெளியே நின்றார்கள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய மேட்டுநிலத்தை 50 ஏக்கராக வரையறுத்தது. 1975இல் செய்யப்பட்ட திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. அரசுக் கூட்டுத்தாபனங்களின் கீழ் இருந்த அத்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மடுல்சீமையின் பெயரைத் தாங்கிய கம்பனியும் அவற்றுள் ஒன்று. நிலம் அரசுடையதாகவே இருக்க, கம்பனிகள் 53 ஆண்டுக் குத்தகையில் அதை வைத்திருக்கின்றன. அக்குத்தகை 2045இல் முடிவடையும். காடேறிய மலையைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத ஆண்டு இது.

அண்மைக் காலக் காரணங்களும் அறிந்தவையே. தனியார்மயத்தின் தொடக்கத்தில் மூன்று லட்சத்துக்கும் மேலாக இருந்த தோட்டக் கம்பனித் தொழிலாளர் எண்ணிக்கை இன்று அதன் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றார்கள். களைநாசினியான கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆள் குறைந்த தோட்டங்களில் இடைப்பட்ட ஆண்டுகளின் களை, கையால் எடுத்துத் தீராத அளவுக்கு வளர்ந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது நல்ல நிலையிலிருந்த செடிகளும் மெலிந்தன, ஓரத்து மலைகள் முற்றாகக் கைவிடப்பட்டன. இவ்வாறு, கொள்கையாலும் ஆட்குறைவாலும் முதலீட்டுக் குறைவாலும் காடேறிய நிலத்தை மீட்கும் சுமை இப்போது குடும்பங்களிடம் வருகிறது.

ஆகவே முதல் வேலை, தரப்படும் துண்டை நேரில் நடந்து, செடிக்குச் செடி பார்ப்பது. தேயிலை இயல்பில் ஒரு மரம். கவ்வாத்து இல்லாமல் விட்டால் அது ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, கொழுந்தை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும், ஆனால் அதனால் இறந்துவிடாது. மேலே மானாப்புல்லும் கொடியும் மூடியிருப்பதைக் கண்டு ஒரு துண்டைக் கழித்துவிடுவதும், மேலே பச்சையாக இருப்பதைக் கண்டு அதை ஏற்றுக்கொள்வதும் ஒரே வகைப் பிழைகள். பார்க்கவேண்டியது தூரும் வேரும். தூரைக் கத்தியால் சிறிது சீவிப் பார்த்தால் உயிருள்ள மரம் ஈரப்பச்சையாகத் தெரியும். கறையான் அரித்த தூர் உள்ளே கூடாக இருக்கும். வரிசைகளில் எத்தனை செடி உயிரோடு நிற்கின்றன, எத்தனை இடம் வெறுமையாகிவிட்டது என்று எண்ணிக் குறிக்கவேண்டும். பாதிக்கு மேல் வெற்றிடமான துண்டு தேயிலைத் துண்டு அன்று, தவறணையிலிருந்து நாற்று வாங்கிப் புதிதாக நடவேண்டிய வெற்று நிலம், அதற்குரிய கணக்கே வேறு. பட்டுப்போன செடிகள் ஓரிடத்தில் வட்டமாகக் கூடி நின்றால், பழைய மரக்கட்டைகளிலிருந்து பரவும் வேர்நோய் இருக்கக்கூடும் என்று ஐயுறவேண்டும்.

காடேறிய செடியைக் காப்பாற்றுவதா கொல்வதா என்பதை முதற் கவ்வாத்தே தீர்மானிக்கிறது. வெட்டப்பட்ட செடி, இலை இல்லாத நிலையில், வேரில் சேர்ந்திருக்கும் மாப்பொருளைச் செலவிட்டே புதுத் துளிர் விடுகிறது. வேரில் மாப்பொருள் இல்லாத மெலிந்த செடியை அடியோடு வெட்டினால் அது துளிர்க்காமலே காய்ந்துபோகும். இதை முன்கூட்டி அறிய, வேரை நறுக்கி அயடீன் தடவிப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. மாப்பொருள் போதியளவு இருந்தால் வெட்டுமுகம் கருநீலமாக மாறும். 1925இல் நிறுவப்பட்டு தலவாக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு ஊவாவுக்கென பசறையில் ஒரு பிராந்திய நிலையம் உண்டு. மடுல்சீமைக் குடும்பங்கள் இச்சோதனையையும், மண்ணின் அமிலத்தன்மை தேயிலைக்கு ஏற்ற 4.5 முதல் 5.5 வரையிலான அளவில் இருக்கிறதா என்ற சோதனையையும் பற்றி அங்கு கேட்டறியலாம். செடி மெலிந்திருந்தால் எல்லாக் கிளைகளையும் ஒரே முறையில் வெட்டாமல், ஓரிரு கொப்புகளை இலையோடு விட்டு வெட்டும் முறை உயிரைக் காக்கும்.

காலமும் முக்கியமானது. ஊவாவின் கிழக்குச் சரிவுகளில் மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர்வரை வீசும் வரண்ட கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த வாசனையை உண்டாக்கும் அதே வேளையில், வெட்டிய செடியைக் காயவும் வைக்கும். ஆகவே வரட்சிக்கு முன் அவசரப்பட்டு வெட்டச் சொல்லும் ஒப்பந்தம் செடிக்கும் குடும்பத்துக்கும் கேடு. மறுபுறம், களையை முற்றாக வழித்தெடுத்த சரிவில் பெருமழை பெய்தால் மேல்மண் ஒரே பருவத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். வெட்டிய கொப்புகளை அங்கேயே பரப்பி மண்ணை மூடுவதும், கவ்வாத்துக்கு முன்னரே பழைய கானுகளைத் தூர்வாரித் திறப்பதும், அந்த இழப்பைத் தடுக்கும் வழிகள்.

சரிவைப் பற்றிய எச்சரிக்கை இதோடு முடிவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளை மூடிய மண்சரிவு, முன்னரே ஆபத்தான இடம் என்று எச்சரிக்கப்பட்டிருந்த சரிவில் நிகழ்ந்தது; 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி, பதுளை மாவட்டம் எவ்வளவு எளிதில் சரியக்கூடிய நிலம் என்பதை மீண்டும் காட்டியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கியிருக்கிறது. தரப்படும் துண்டு அத்தகைய வலயத்தில் விழுகிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியாமல் எந்தக் குடும்பமும் கையொப்பமிடக்கூடாது. கானு அடைபட்ட காடேறிய மலை மழைநீரை உள்ளே இறக்கிக்கொள்ளும் தன்மையுடையது என்பதால், கீழே லயமிருக்கும் துண்டுகளில் இந்தக் கேள்வி துண்டை ஏற்கும் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று, லயத்துக்கு முழுவதும் உரியது. குளவிக்கூடும் பாம்பும் காட்டுப்பன்றியும் காடேறிய மலையோடு சேர்ந்தே வருகின்றன. பேருக்கு வேலை செய்பவரைக் குளவி கொட்டினால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கோர இடமிருக்கிறது, துண்டுக்குப் பொறுப்பான ‘வெளியார்’ என்று எழுதப்பட்டவருக்கு அது மறுக்கப்படும் அபாயம் உண்டு.

இனிக் கணக்கு. 1,000 செடி என்றால் எவ்வளவு நிலம் என்பது நட்ட முறையைப் பொறுத்தது: 4 அடிக்கு 4 அடி இடைவெளியில் நட்ட பழைய விதைத் தேயிலையானால் ஏறத்தாழ 59 பேர்ச், 4 அடிக்கு 2 அடியில் நட்ட பதியத் தேயிலையானால் அதில் பாதி. கொழுந்தின் நியாயமான விலையை அளக்க ஓர் அளவுகோல் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சிறு தோட்ட உரிமையாளரிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகள், தேயிலை விற்ற சராசரி வருவாயில் நூற்றுக்கு 68 பங்கை உற்பத்தியாளருக்குக் கொடுத்து 32 பங்கைத் தாம் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதே அந்தச் சூத்திரம். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது; எடுத்துக்காட்டாக ஒரு தொழிற்சாலையின் சராசரி விற்பனை விலை கிலோவுக்கு 1,000 ரூபாயானால், 680 ரூபாய் உற்பத்தியாளரின் பங்கு, ஒரு கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 150 ரூபாய். துண்டுக்குத் தரப்படும் விலை இந்த அளவுகோலுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, அந்த வித்தியாசத்துக்கு நிர்வாகம் என்ன காரணம் சொல்கிறது என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

அதே எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பார்க்கலாம். 1,000 செடி நிற்கும் காடேறிய துண்டைத் துப்புரவாக்கி, கானு திறந்து, கவ்வாத்து வெட்டி முடிக்க 40 ஆள்நாள் பிடிக்கும் என்று கொண்டால், 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி அந்த உழைப்பின் பெறுமதி 54,000 ரூபாய். ஒருவர் நாளொன்றுக்கு 18 கிலோ பறிக்கிறார் என்று கொண்டால், பறிக்கும் கூலியே கிலோவுக்கு 75 ரூபாயாகிறது. 150 ரூபாயில் எஞ்சும் 75 ரூபாயைக் கொண்டு முதல் உழைப்பை ஈடுகட்ட 720 கிலோ கொழுந்து வேண்டும். ஒரு செடி ஆண்டுக்கு அரைக் கிலோ கொழுந்து தரும் என்று மிதமாக எண்ணினால், 720 கிலோ என்பது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டின் விளைச்சல். கவ்வாத்துக்குப் பின் முதற் கொழுந்து வரும்வரை கழியும் மாதங்களையும், உரச் செலவையும் சேர்த்தால் அது இரண்டு ஆண்டையும் தாண்டும். எண்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், கணக்கிடும் முறை மாறாது.

இந்தக் கணக்கு இன்னொரு உண்மையையும் சொல்கிறது. அந்த 1,000 செடி ஆண்டு முழுவதும் தரும் 500 கிலோவின் மொத்தப் பெறுமதி 75,000 ரூபாய். மாதம் 25 பேர் போடும் ஒரு தொழிலாளரின் இரண்டரை மாதச் சம்பளத்துக்கும் அது குறைவு. ஆகவே இந்த அளவான துண்டு ஒன்று பேருக்குத் துணையாக இருக்கலாமே ஒழிய அதற்கு மாற்றாக ஒருபோதும் ஆகாது. துண்டை ஏற்பவர் தோட்டப் பதிவிலிருந்து விலகவேண்டும் என்று எங்கேனும் நிபந்தனை விதிக்கப்படுமானால், அந்த ஒரு நிபந்தனைக்காகவே அதை மறுப்பது தகும்.

பதிவிலிருந்து விலகுவதால் இழக்கப்படுபவை எவை என்பதைப் பெயர் சொல்லி எழுதிவைப்பது பொருத்தம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8ம் தொழில் வழங்குநர் நூற்றுக்கு 12ம் செலுத்துகிறார்கள். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் வழங்குநர் மேலும் நூற்றுக்கு 3 செலுத்துகிறார். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளத்தைப் பிரியும்போது வழங்கச் சொல்கிறது. மகப்பேற்று நன்மைகளும் விபத்து நட்டஈடும் இவற்றோடு சேர்ந்தவை. இவை அனைத்தும் ‘தொழிலாளி’ என்ற சட்ட நிலையில் தொங்குகின்றன; ‘வெளியார்’ அல்லது ‘பயிர்ச்செய்கையாளர்’ என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நாளிலிருந்து அந்த நிலை கேள்விக்குள்ளாகிறது. இந்த உரிமைகளுக்காக முன்னைய தலைமுறைகள் நடத்திய போராட்டங்கள், காடேறிய ஒரு துண்டுக்காக விலை பேசக்கூடியவை அல்ல.

யார் பெயரில் துண்டு எழுதப்படுகிறது என்பதும் இதற்குச் சமமான கேள்வி. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பேர் முறையில் அவர்களுடைய உழைப்பு அவர்களுடைய பெயரிலேயே பதிவாகிறது, சேமலாப நிதியும் அவர்களுடைய பெயரிலேயே சேர்கிறது. துண்டைக் குடும்பத் தலைவன் என்ற முறையில் ஆணின் பெயரில் மட்டும் எழுதினால், அதே பெண் அதே கொழுந்தைப் பறித்தும் தன் பெயரில் ஒரு சதமும் இல்லாதவளாகிறாள். அவளுடைய உழைப்பு கணக்கில் வராத வீட்டு உதவியாகச் சுருங்குவது, இந்த முறையின் மிக மோசமான விளைவாக அமையக்கூடும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் துண்டு எழுதப்படவேண்டும், கொழுந்துப் பணம் இருவருக்கும் பொதுவான கணக்கில் வரவேண்டும். துண்டின் வேலை முடியாதபோது பிள்ளைகள் பாடசாலையை விட்டு மலைக்கு வரும் நிலையும் இதனோடு சேர்ந்து வரும் ஆபத்து. பிள்ளையின் உழைப்பைக் கூட்டித்தான் கணக்கு நேராகிறது என்றால் அந்தத் துண்டை ஏற்கக்கூடாது.

இப்போது காலத்தைப் பற்றிய கேள்வி, அதாவது எத்தனை ஆண்டுக்கு. நிலம் அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே. ஆகவே கம்பனி எழுதித் தரும் எந்தத் தாளும் காணியுறுதி ஆகாது, ‘துண்டு சொந்தமாகும்’ என்ற வாய்மொழிக்குச் சட்டத்தில் இடமில்லை. அதே வேளையில், சொந்தமில்லை என்பதால் காலமும் இல்லை என்று ஆகிவிடாது. தேயிலைக்கு அதற்கென்று ஒரு கால அளவு உண்டு: ஒரு கவ்வாத்துக்கும் அடுத்த கவ்வாத்துக்கும் இடையே, உயரத்துக்கு ஏற்ப, மூன்று முதல் ஐந்து ஆண்டு கழிகிறது, முதல் ஆண்டில் விளைச்சல் குறைவு, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் உச்சம், பின்னர் செடி உயர உயரக் குறைவு. காடேறிய மலையில் முதற் சுற்றின் பெரும்பகுதி செடியைத் தேற்றவும் முதல் உழைப்பை ஈடுகட்டவுமே போய்விடும். முறையான இலாபம் இரண்டாம் சுற்றில்தான் கைக்கு வரும். எனவே இரண்டு கவ்வாத்துச் சுற்றுகளுக்குக் குறையாத காலம், அதாவது மடுல்சீமையின் உயர்ந்த மலைகளில் எட்டு முதல் பத்து ஆண்டு, எழுத்தில் உறுதிசெய்யப்படுவதே நியாயமான குறைந்தபட்சம் என்று இம்மடல் கருதுகிறது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்பது, காட்டைக் குடும்பம் வெட்ட, திருந்திய மலையை நிர்வாகம் திரும்பப் பெறுவதற்குக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

இக்கோரிக்கை மிகையானது என்று சொல்பவர்களுக்கு, கம்பனித் தரப்பு தன் குத்தகையைப் பற்றி முன்வைக்கும் வாதமே மறுமொழியாக அமைகிறது. 2045 நெருங்க நெருங்க மீள்நடுகையில் முதலிடுவது கடினமாகிறது, பலன் வரும்போது நிலம் தம்மிடம் இருக்குமா என்பது தெரியவில்லை என்று அத்தரப்பு சொல்கிறது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. கோடிக்கணக்கில் முதலுள்ள நிறுவனத்துக்கு இருபது ஆண்டு போதாத காலமென்றால், கையுழைப்பைத் தவிர வேறு முதலில்லாத குடும்பத்துக்கு ஓர் ஆண்டு எவ்வாறு போதும்? முதலிடுபவருக்குக் கால உறுதி வேண்டும் என்ற விதி கம்பனிக்கும் குடும்பத்துக்கும் ஒன்றாகவே பொருந்தவேண்டும்.

தனித்தனியாகப் பேசும் குடும்பம் இந்த நிபந்தனைகளில் ஒன்றையும் பெறமுடியாது என்பதையும் சொல்லியாகவேண்டும். கென்யாவில் 1964இல் தொடங்கப்பட்ட தேயிலை அபிவிருத்தி அதிகாரசபை, பல லட்சம் சிறு பயிரிடுவோரை ஒன்றிணைத்து, 2000இல் அரசிடமிருந்து விலகி, பயிரிடுவோரே தொழிற்சாலைகளில் பங்குதாரராக இருக்கும் நிறுவனமாக மாறியது. அங்கே கொழுந்துக்கு மாதந்தோறும் ஒரு தொகையும், தேயிலை விற்ற பின்னர் ஆண்டிறுதியில் இரண்டாவது தொகையும் கொடுக்கப்படுகின்றன. அந்த அமைப்பிலும் குறைகளும் சச்சரவுகளும் உண்டு, ஆயினும் விலை எவ்வாறு வந்தது என்று கேட்கும் இடம் பயிரிடுவோருக்கு இருக்கிறது. இந்தியாவின் திரிபுராவில் துர்காபாரி தேயிலைத் தோட்டத்தை 1978இலிருந்து தொழிலாளரே கூட்டுறவாக நடத்திவந்திருக்கிறார்கள். இலங்கையிலும் 1975ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ், 10 ஏக்கருக்குக் குறைந்த காணியுடைய கிராமத்துப் பயிரிடுவோர் சங்கங்களாக இணைந்து ஆலோசனையும் மானியமும் பெறுகிறார்கள். நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்களுடைய கொழுந்திலிருந்தே வருகிறது. தோட்டத்தில் துண்டு திருத்தும் குடும்பம் அதே செடியை அதே முறையில் வளர்க்கிறது. அதற்கும் அத்தகைய பதிவும் மானியமும் ஆலோசனையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை.

துண்டை மறுக்கும் குடும்பத்தை எவரும் பழிக்கக்கூடாது. முதியவர் மட்டும் எஞ்சிய வீட்டுக்கும், பிள்ளைகளின் படிப்பை முடிப்பதே முதற் கடமையாக உள்ள வீட்டுக்கும், காடேறிய மலை ஒரு சுமையே. அவர்கள் மறுப்பது பகுத்தறிந்த முடிவு, அதற்காகப் பேர் குறைக்கப்படவோ லயத்தில் இடம் கேள்விக்குள்ளாகவோ கூடாது. அவ்வாறே, ஏற்கும் குடும்பத்தை நிர்வாகத்துக்கு விலைபோனவர்கள் என்று தொழிற்சங்கத்தினர் ஒதுக்கவும் கூடாது. இருநூறு ஆண்டு உழைப்புக்குப் பின்னரும் தனக்கென ஒரு துண்டு மலை வேண்டும் என்ற ஆசை நேர்மையான ஆசை. 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் காணியுரிமையும் இருந்தது. வீட்டுக்கென அரசு அறிவித்த 7 பேர்ச், அதாவது 1,906 சதுர அடி நிலம், வாழ்விடத்துக்கானது. வாழ்வாதாரத்துக்கான நிலம் பற்றிய பேச்சு இன்னும் தொடங்கவேண்டிய நிலையிலேயே இருக்கிறது. காடேறிய மலைகள் அந்தப் பேச்சின் தொடக்கமாக அமையலாம், ஆனால் அதற்கு முன் அவை மலிவான உழைப்பைப் பெறும் வழியாக ஆகாமல் தடுக்கப்படவேண்டும்.

ஆகவே மடுல்சீமைத் தோட்டங்களின் குடும்பங்களிடம் இம்மடல் வேண்டுவது இதுதான். எந்தத் தாளிலும் ஒருவர் கையொப்பமிடுவதற்கு முன், தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு பொதுக் கூட்டம் கூட்டி, ஒப்பந்தத்தைத் தமிழில் முழுமையாகப் படித்துக் காட்டச் செய்யவேண்டும். இரண்டு கவ்வாத்துச் சுற்றுகளுக்குக் குறையாத காலம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு, தொழிலாளி என்ற நிலையும் நிதிகளும் தொடரும் என்ற உறுதி, 68க்கு 32 என்ற அளவுகோலோடு ஒப்பிடக்கூடிய வெளிப்படையான விலை, இடையில் துண்டு திரும்பப் பெறப்பட்டால் செய்த திருத்தத்துக்கு நட்டஈடு, 2045க்குப் பின் நிலத்தைப் பற்றி அரசு எடுக்கும் எந்த முடிவிலும் திருத்தியவருக்கு முதலுரிமை ஆகிய ஆறும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். முதல் ஐந்தும் இருந்தால், தூரும் வேரும் நலமாயிருந்தால், சரிவு பாதுகாப்பானதானால், துண்டை ஏற்று நம்பிக்கையோடு கவ்வாத்துக் கத்தியை எடுக்கலாம். ஆறாவதை அரசிடம் எல்லாத் தோட்டங்களும் ஒன்றாகக் கேட்கவேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும், அந்த மலை இன்னும் சில காலம் காடாகவே கிடக்கட்டும்.